பருப்பும் சோறும் ஏன் ஜோடி சேர்ந்தன?

சைவச் சமையல் புதிதாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் காய்கறிக் கடையில்தான் தொடங்குகிறார்கள். காலிஃபிளவர், காளான், குடமிளகாய் என்று பை நிறைய வாங்கி வந்து, ஆசையாக ஒரு குருமா வைத்துச் சப்பாத்தியோடு சாப்பிட்டு எழுந்தால், மூன்று மணிக்கெல்லாம் வயிறு மறுபடி கேட்கிறது. ‘சைவத்துல என்ன செஞ்சாலும் சாப்பிட்ட மாதிரியே இல்ல’ என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது. தட்டில் சாப்பாட்டைத் தாங்கிப் பிடிக்கிற பொருள் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் பொருள் பருப்பு. இன்னும் சரியாகச் சொன்னால், பருப்பும் தானியமும் சேர்ந்த ஜோடி. பருப்பு என்று இங்கே நான் சொல்வதில் துவரை, பாசி, உளுந்து மட்டுமல்லாமல் கொண்டைக்கடலை, மொச்சை, காராமணி, பட்டாணி, ராஜ்மா, சோயா எல்லாமே அடக்கம். இந்த ஜோடி பிடிபட்டுவிட்டால் எந்த நாட்டுச் சைவச் சாப்பாட்டையும் நம் வீட்டு அடுப்பில் தைரியமாகச் செய்யலாம். காய்கறி அதற்குப் பிறகுதான்.

நாம் பொங்கலில் அரிசியோடு பாசிப்பருப்பைச் சேர்க்கிறோம். வடக்கே போனால் கிச்சடி. ஜம்முவிலும் பஞ்சாபிலும் ராஜ்மா சாவல், நேபாளத்தில் தால் பாத். எகிப்தில் தெருவுக்குத் தெரு விற்கிற கோஷரியில் அரிசி, மைசூர் பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை நான்கும் ஒரே கிண்ணத்தில் வந்துவிடும். லெபனான், சிரியா, பாலஸ்தீனம் பக்கம் முஜத்தரா. எத்தியோப்பியாவில் டெஃப் என்ற சிறுதானிய மாவைப் புளிக்கவைத்துச் சுட்ட இஞ்சிராவின் மேல் காரமான பருப்புக் குழம்பு. இத்தாலியில் கொண்டைக்கடலை போட்ட பாஸ்தா. மெக்சிகோவில் மக்காச்சோள டார்ட்டியா ரொட்டியும் பீன்ஸும் (காயாக அல்ல, ராஜ்மா போன்ற கொட்டையாக). கோஸ்டாரிகாவிலும் நிகராகுவாவிலும் விடிந்ததுமே சோறும் பீன்ஸும் பிரட்டிய காயோ பிந்தோ. இவர்களில் பலர் ஒருவரையொருவர் பார்த்துக் கற்றவர்கள் அல்லர். வேறு வேறு மண்ணில், வேறு வேறு விதைகளை வைத்துக்கொண்டு, ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

லைசின் கணக்கு

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. நம் உடலின் புரதங்களுக்கு இருபது வகை அமினோ அமிலங்கள் வேண்டும். அதில் ஒன்பதை உடலால் செய்துகொள்ள முடியாது. சாப்பாட்டில் இருந்துதான் வரவேண்டும். ஒன்பதில் ஒன்று குறைந்தாலும் மற்ற எட்டை உடல் முழுமையாகப் பயன்படுத்த முடியாது.

அரிசி, கோதுமை, மக்காச்சோளம், கேழ்வரகு என எந்தத் தானியத்தை எடுத்தாலும் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்புகளில் லைசின் தாராளம், ஆனால் மெத்தியோனின் குறைவு. அந்த மெத்தியோனின் தானியத்தில் போதுமான அளவு இருக்கிறது. இதன் குறையை அது தீர்க்கிறது, அதன் குறையை இது தீர்க்கிறது. விஷயம் இவ்வளவுதான்.

எண்களை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பெரியவர்களுக்கு, சாப்பிடும் ஒவ்வொரு கிராம் புரதத்திலும் 45 மில்லிகிராம் லைசின் இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட அளவுகோல். அரிசிப் புரதத்தில் சுமார் 36 மில்லிகிராம்தான் இருக்கிறது. கோதுமையில் அதைவிடவும் குறைவு. பருப்பில் 65 முதல் 70 வரை. இப்போது 75 கிராம் அரிசியையும் 25 கிராம் துவரம்பருப்பையும் சேர்த்துச் சமைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அரிசியில் இருந்து ஐந்து கிராமுக்குச் சற்று மேல், பருப்பில் இருந்து ஐந்தரை கிராம், மொத்தம் பதினோரு கிராம் அளவுக்குப் புரதம் கிடைக்கிறது. லைசின் சராசரி 50-ஐத் தாண்டிவிடுகிறது. வெறும் அரிசி 100 கிராம் என்றால் ஏழு கிராம் புரதம்தான், அதுவும் லைசின் குறைந்த புரதம்.

மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்ற இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு நம் வீட்டு அளவுகளைப் பாருங்கள். இட்லிக்கு நாலு அரிசி ஒரு உளுந்து, சில வீடுகளில் மூன்றுக்கு ஒன்று. வெண்பொங்கலுக்கு ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளரில் இருந்து அரை டம்ளர் வரை பாசிப்பருப்பு. அடைக்குப் பருப்பு இன்னும் தூக்கலாகவே இருக்கும். லைசின் என்ற பெயரே கேள்விப்படாதவர்கள் கைப்பழக்கத்தில் வைத்திருந்த அளவுகள் இவை. எனக்கு இதில் தீராத வியப்பு உண்டு.

ஒரு சந்தேகத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். இரண்டையும் ஒரே வேளையில்தான் சாப்பிட வேண்டுமா? வேண்டாம். அமெரிக்காவில் பிரான்சிஸ் மூர் லாப்பே 1971-இல் எழுதிய புத்தகம் ஒன்று, ஒரே வேளையில் கவனமாகச் சேர்த்துச் சாப்பிடவேண்டும் என்ற எண்ணத்தைப் பெரிதாகப் பரப்பியது. 1981 பதிப்பில் அவரே அதைத் திருத்திக்கொண்டார். ஒரு நாளில் பலவகை உணவு சாப்பிட்டால் போதும், உடல் அதற்குள் சரிக்கட்டிக்கொள்ளும். காலையில் தோசை, மதியம் சாம்பார் சாதம், மாலையில் சுண்டல் என்று போனால் கணக்கு தானாகவே நேராகிவிடும். ஆனால் பசி அடங்குவதும் ருசியும் வேறு கதை. அதற்கு ஒரே தட்டில் இரண்டும் இருப்பதுதான் நல்லது என்பேன். பருப்பின் நார்ச்சத்தும் புரதமும் சேரும்போது சோறு மெதுவாகச் செரிக்கிறது. மூன்று மணிப் பசி வருவதில்லை.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம் வேண்டும். இதைச் சொல்லும்போதே நம் சாம்பாரைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது. நாலு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டால் ஆளுக்கு 25 கிராம், அது கணக்கில் வரும் சாம்பார். ஒரு பிடி பருப்பை வேகவைத்து இரண்டு வேளைக்குத் தண்ணீர் விளாவி இறக்கினால் அது புளிக்குழம்பின் தம்பிதான். மணமாக இருக்கும், தட்டைத் தாங்காது. செய்வதையே கெட்டியாகச் செய்யுங்கள்.

வயலிலும் இதே ஜோடி

தட்டில் சேர்வதற்கு முன்பே இவை மண்ணில் சேர்ந்தவை. பருப்புச் செடிகளின் வேர் முடிச்சுகளில் ரைசோபியம் என்ற பாக்டீரியா குடியிருந்து, காற்றில் இருக்கும் நைட்ரஜனைச் செடிக்கு ஆகும் வடிவில் மாற்றித் தருகிறது. பருப்பில் புரதம் அதிகம் இருப்பதற்கு அதுவே காரணம். நைட்ரஜன் இல்லாமல் புரதம் இல்லை. மெக்சிகோவின் மில்பா வயலில் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் சேர்த்தே விதைப்பார்கள். பீன்ஸ் கொடி சோளத் தட்டையில் ஏறும், பூசணி இலை தரையை மூடி ஈரம் காக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மானாவாரிக் காடுகளில் கேழ்வரகோடு அவரையும் துவரையும் ஊடுபயிராக நிற்பது இதே அறிவுதான். கேழ்வரகுக் களிக்கு அவரைப் பருப்புக் குழம்பு அங்கிருந்தே வந்துவிடுகிறது.

பருப்பு வேகாத கதை

வெளிநாட்டுச் சமையற் குறிப்பைப் பார்த்துச் செய்து தோற்றுப்போகிறவர்களில் பாதிப்பேர் மசாலாவில் தோற்பதில்லை, பருப்பு வேகாமல் தோற்கிறார்கள். அதனால் இதை நிதானமாகப் பார்ப்போம்.

பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின். அது கரைந்தால்தான் பருப்பு குழையும். போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். அவை பெக்டினைப் பிடித்து இறுக்கிவிடும். ‘இந்தத் தண்ணியில பருப்பு வேகாது’ என்று ஊரில் சொல்வார்களே, அதன் காரணம் இதுதான். ஊறவைக்கவும் வேகவைக்கவும் குடிதண்ணீரைப் பயன்படுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும்.

புளி, தக்காளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் அமிலம். அமிலமும் பெக்டினைக் கரையவிடாது. பருப்பு வெந்த பிறகு புளி கரைத்து ஊற்றும் நம் வழக்கம் முழுக்க முழுக்கச் சரி. ராஜ்மாவைத் தக்காளியோடு சேர்த்தே குக்கரில் போடச் சொல்லும் குறிப்புகளை நம்பாதீர்கள். முதலில் வெறும் தண்ணீரில் நசுங்கும் பதத்துக்கு வேகட்டும், பிறகு மசாலாவில் சேரட்டும். உப்பைப் பற்றிய பயம் மட்டும் தேவையில்லை. ஊறவைக்கும் தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்பு போட்டால் கொண்டைக்கடலையின் தோல் மிருதுவாகவே செய்யும். சமையல் சோடா அரை சிட்டிகை சீக்கிரம் வேகவைக்கும், கூடினால் சோப்பு வாடை வரும், பி1 வைட்டமினும் குறையும். கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வருடம் கிடந்த பயறு என்ன செய்தாலும் கல்லாகத்தான் இருக்கும். ஓட்டம் உள்ள கடையில் வாங்குவதே அதற்கு மருந்து.

ராஜ்மாவுக்குத் தனி எச்சரிக்கை ஒன்று. சிவப்பு ராஜ்மாவில் பைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. நன்றாக வேகாத ராஜ்மா நாலைந்து கொட்டை வயிற்றுக்குள் போனாலே கடுமையான வாந்தியும் பேதியும் வரலாம். குறைந்தது ஐந்து மணி நேரம், வசதிக்கு இரவு முழுக்க, ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். பிரஷர் குக்கர் சுமார் 120 டிகிரி வரை போவதால் நச்சு அழிந்துவிடும். குக்கர் இல்லையென்றால் தளதளவென்று அரைமணி நேரமாவது கொதித்தாகவேண்டும். கொதிநிலையை எட்டாமல் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்சார ஸ்லோ குக்கரில் பச்சை ராஜ்மாவைப் போடவே கூடாது. அந்த மிதச் சூட்டில் நச்சின் வேகம் கூடுகிறது. ஊறின தண்ணீரைக் கொட்டுவதில் இன்னொரு லாபம், வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அதோடு போய்விடும்.

ராஜ்மா வேகவைக்கும்போது நினைத்துக்கொள்ளலாம்: இன்று வடஇந்தியாவின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடாகிவிட்ட இந்தக் கொட்டை அமெரிக்கக் கண்டத்தில் இருந்து கப்பலேறி வந்தது. ஜம்முவின் பதர்வா ராஜ்மாவுக்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது.

முதலில் முஜத்தரா

உலகச் சமையலில் முதல் அடி எடுத்துவைக்க எதைச் செய்யலாம் என்று கேட்டால் யோசிக்காமல் முஜத்தரா என்பேன். அரிசி, முழு மைசூர் பருப்பு, வெங்காயம், எண்ணெய், சீரகம், மிளகு, உப்பு. நம் அடுக்களையில் இல்லாதது எதுவும் இல்லை. 1226-இல் பாக்தாத்தில் தொகுக்கப்பட்ட சமையல் நூலிலேயே இதன் குறிப்பு இருக்கிறது. அதில் இறைச்சியும் சேர்ந்திருந்தது. இறைச்சி போடாத வடிவம் ஏழைகளின் சாப்பாடாக இருந்தது. லெபனான் கிறிஸ்தவர்கள் தவக்காலத்தில் இதை விரும்பிச் செய்கிறார்கள்.

நாலு பேருக்குத் தோலோடு உள்ள முழு மைசூர் பருப்பு ஒரு டம்ளர், பச்சரிசியோ பாஸ்மதியோ ஒரு டம்ளர். தோல் நீக்கிய சிவப்புப் பருப்பு வேண்டாம், அது குழைந்துவிடும். பெரிய வெங்காயம் நாலு. எண்ணெய் அரை டம்ளர். குறைக்க நினைக்காதீர்கள், பின்னால் சோறு முழுக்க மணப்பது அந்த எண்ணெய்தான்.

வெங்காயத்தை ஒரே கனத்தில் நீளவாக்கில் நறுக்குவதில்தான் பாதி வேலை இருக்கிறது. ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் இருந்தால் ஒன்று கருகும்போது இன்னொன்று வதங்கிக்கொண்டிருக்கும். அகலமான வாணலியில், மிதமான தீயில் போடுங்கள். முதல் பத்து நிமிடம் சடசடவென்று சத்தம் வரும், அது வெங்காயத்தின் தண்ணீர் வெளியேறும் சத்தம். அதுவரை நிறம் மாறாது, பொறுமை வேண்டும். சத்தம் மெல்ல அடங்கி, வெங்காயம் துவண்டு, ஓரங்களில் மஞ்சள் ஏறும். இருபது நிமிடம் ஆகும்போது பொன்னிறம் வந்துவிடும். அதன்பிறகு அடுப்பை விட்டு நகரக்கூடாது. பொன்னிறத்தில் இருந்து பழுப்புக்குப் போக இரண்டு மூன்று நிமிடம்தான். பழுப்பில் இருந்து கசப்புக்குப் போக அரை நிமிடம் கூட ஆகாது. நீங்கள் விரும்பும் நிறத்துக்கு ஒரு படி முன்னதாகவே அரித்தெடுத்துத் தட்டில் பரப்பிவிடுங்கள். தட்டில் கிடக்கும்போதே அது கருத்து மொறுமொறுப்பாகும்.

இதற்கிடையே பக்கத்து அடுப்பில் பருப்பைத் திறந்த பாத்திரத்தில் பதினைந்து நிமிடம் வேகவைத்து வடியுங்கள். கடித்தால் நடுவில் சிறிது கடினம் தெரியவேண்டும். குக்கரில் வைத்தால் இந்தப் பதம் கிடைக்காது. வெங்காயம் பொரித்த எண்ணெயில் பாதியைப் பாத்திரத்தில் விட்டு, சீரகம் ஒரு ஸ்பூன் பொரிந்ததும், இருபது நிமிடம் ஊறிய அரிசி, பருப்பு, பொரித்த வெங்காயத்தில் பாதி, மிளகுத்தூள், உப்பு சேர்த்துப் பிரட்டி இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். கொதி வந்ததும் மூடி, சிறு தீயில் கால் மணி. அணைத்த பிறகும் பத்து நிமிடம் மூடியைத் திறக்கவேண்டாம். பரிமாறும்போது மீதி வெங்காயத்தை மேலே தூவி, பக்கத்தில் கெட்டித் தயிரும் வெள்ளரிக்காயும் எலுமிச்சைத் துண்டும் வையுங்கள்.

எலுமிச்சையை அலங்காரமாக எண்ணிவிடவேண்டாம். பருப்பும் தானியமும் வயிற்றை நிரப்பும், ஆனால் நாக்கில் மந்தமாக உட்காரும். அந்த மந்தத்தைக் கிளப்ப எல்லா ஊரிலும் ஒரு புளிப்பு இருக்கிறது. சாம்பாருக்குப் புளி, ராஜ்மாவுக்குத் தக்காளி, கோஷரிக்குப் பூண்டும் சீரகமும் ஊறிய வினிகர். எலுமிச்சையில் உள்ள சி வைட்டமின் பருப்பில் இருக்கும் இரும்புச்சத்தை உடல் நன்றாக எடுத்துக்கொள்ள உதவவும் செய்கிறது. சாப்பிட்ட கையோடு காபி, டீ குடிப்பது அதே இரும்பைத் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். பால், தயிர்கூடச் சேர்க்காதவர்கள் பி12 வைட்டமினுக்கு மாத்திரையையோ அது சேர்க்கப்பட்ட உணவையோ நாடித்தான் ஆகவேண்டும். பருப்பும் தானியமும் எவ்வளவு சாப்பிட்டாலும் அதில் பி12 கிடையாது.

அடுத்தடுத்து

முஜத்தரா கைவந்துவிட்டால் எத்தியோப்பியப் பக்கம் போகலாம். அங்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி விரத நாட்களில் இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடமாட்டார்கள். அதனாலேயே அவர்களின் பருப்புச் சமையல் அவ்வளவு செழிப்பாக இருக்கிறது. சிவப்பு மைசூர் பருப்பில் செய்யும் மிசிர் வொட் என்ற குழம்புக்குப் பொடியாக நறுக்கிய வெங்காயத்தை எண்ணெயே விடாமல் வெறும் சட்டியில் நெடுநேரம் வதக்குவார்கள். தண்ணீர் வற்றிக் கூழாகிப் பழுப்பானதும்தான் எண்ணெய். பிறகு பெர்பெரே என்ற மசாலா. மிளகாய்த்தூளோடு வறுத்த வெந்தயம், மல்லி, ஏலக்காய், கிராம்பு, சுக்கு பொடித்துச் சேர்த்தால் அதற்கு நெருக்கமாக வந்துவிடும். டெஃப் மாவைத் தேடி அலையவேண்டாம். நன்றாகப் புளித்த கேழ்வரகுத் தோசை அந்தக் குழம்புக்கு அருமையாகப் பொருந்தும்.

கொண்டைக்கடலை பாஸ்தா இன்னும் சுலபம். வெந்த கடலையில் பாதியை மசித்து, பூண்டு, கொஞ்சம் தக்காளி, ரோஸ்மேரி கிடைத்தால் ஒரு கொத்து சேர்த்து, கடலை வெந்த தண்ணீரிலேயே சின்ன வகைப் பாஸ்தாவை வேகவிட்டால் கெட்டியான, கரண்டியால் சாப்பிடும் சாப்பாடு ஆகிவிடும். கடலை வெந்த தண்ணீரைக் கொட்டினால் இந்தச் சமையலே இல்லை.

மீந்துபோன சோறு இருக்கிற காலையில் காயோ பிந்தோ. இது முந்தின நாள் சோற்றுக்கென்றே ஏற்பட்டது. சூடான புதுச் சோறு குழைந்துவிடும். வெங்காயம், குடமிளகாய், பூண்டு வதக்கி, வேகவைத்த கறுப்பு பீன்ஸையோ சிவப்பு பீன்ஸையோ அது வெந்த சாற்றில் இரண்டு கரண்டியோடு சேர்த்துக் கொதிக்கவிட்டு, ஆறின சோற்றைப் போட்டுச் சாறு வற்றும்வரை பிரட்டவேண்டும். கடைசியில் மல்லித்தழை. நம்மூர்க் கடையில் அந்த பீன்ஸ் கிடைக்காவிட்டால் காராமணியில் செய்யுங்கள், சாறு நன்றாக இறங்கும். தீயைக் கூட்டி அடியில் லேசாகப் பிடிக்கவிட்டு எடுத்தால் இன்னும் ருசி.